தலை சாயாத கதிர்

பச்சையைக் கண்டால் கண் குளிரும் என்பார்கள். எனக்குக் குளிரவில்லை. ஒரு நெல்வயலின் பச்சையைப் பார்த்துப் பயந்து, கையிலிருந்த குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் வரப்பில் விறுவிறுவென்று நடந்த விவசாய இலாகாக்காரன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் இடையே சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் ஒரு வயலில், ஆவணி மாதத்துச் சாரலில் அது நடந்தது.

தென்காசியில் எனக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, சைக்கிள், அதன் பின்னால் ஒரு தகரப்பெட்டி. கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த திமிரும் இருந்தது. பயிர் வைக்கும் சம்சாரிகளுக்குச் சீமை உரத்தைக் காட்டிக்கொடுப்பது என் வேலை. அம்மோனியம் சல்பேட் என்று சொன்னால் யாருக்கும் வாயில் நுழையாது. பார்க்கச் சீனி போல இருக்கும் அந்த உப்பைக் கையில் அள்ளிக் காட்டி, "இது பயிருக்குச் சோறு" என்பேன். எல்லா ஊரிலும் அதே வாக்கியம்தான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஒரு பிடி வாங்கிப் பார்ப்பார்கள். நல்ல வாக்கியம் என்று எனக்கே என்மேல் மெச்சுதல்.

அந்த வாக்கியத்தை நம்பித் தன் வயலைக் கொடுத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு விதவை. பெரியம்மா என்று கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு அவரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனவர். இருந்தது அடுத்தடுத்து இரண்டே வயல். ஒன்றில் வழக்கம்போலச் சாணி எருவும் கொளிஞ்சித் தழையும் போட்டோம். மற்றதில் அரைச் சாக்குச் சீமை உரம். மீதி அரைச் சாக்கை ஐப்பசியில் தொடங்கும் பிசானச் சாகுபடிக்கு ஆகட்டும் என்று அவர் வீட்டுத் தொழுவத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். தரையில் வைத்தால் சாரல் ஈரத்தில் கசிந்துவிடும்.

வெறுமனே எந்த வயல் எத்தனை மரக்கால் காண்கிறது என்று அளப்பதோடு நான் நின்றிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. இலைக்குள் ஒரு சத்து இருக்கிறது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் அதை நொதி என்கிறார்கள். இலை எத்தனை மும்முரமாக வேலை செய்கிறது என்பதை அந்த நொதியின் வேகத்தை வைத்துச் சொல்லிவிடலாம், விளைச்சலைக்கூட முன்கூட்டியே கணித்துவிடலாம் என்று எனக்கு ஒரு பித்து. இலையைக் கிள்ளி, எடைபோட்டு, சின்னக் கல்வத்தில் தண்ணீர் விட்டு அரைத்து, அந்தச் சாற்றில் பெராக்ஸைடு மருந்தை ஊற்றினால் நுரை பொங்கும். நுரையிலிருந்து கிளம்பும் காற்று ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை மேலே தள்ளும். எத்தனை கோடு ஏறுகிறதோ அத்தனை வேகம். கிள்ளிய இலை வாடுவதற்குள் செய்தாக வேண்டும் என்பதால் பெரியம்மாவின் தொழுவத்திலேயே ஒரு பலகையைப் போட்டு என் கடையை விரித்திருந்தேன். எருமை ஒன்று என்னைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

ஆவணி பிறந்ததும் பயிர் பொதி கட்டியது. அதாவது தண்டுக்குள் கதிர் உருவாகி, பயிர் வயிறு பருத்து நின்றது. அன்று பெரியம்மா என்னை வரப்பிலேயே மறித்தார்.

"தம்பி, செருப்பைக் கழத்துங்க. பயிரு சூலா இருக்கு. இனிமே கிள்ளப்பிடாது."

"இப்பத்தான் பெரியம்மா கட்டாயம் கிள்ளணும்."

"வயித்துப்பிள்ளைக்காரி மேல நகம் படலாமா? கேக்குதேன்."

அந்த வீட்டு வழக்கம் அது. பொதிப்பயிருக்குள் செருப்போடு இறங்கக்கூடாது, அரிவாள் கொண்டுபோகக்கூடாது, கூச்சல் போடக்கூடாது, ஓர் இலையைக் கிள்ளக்கூடாது. மூட வழக்கம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவரைத் தொழுவத்துக்குக் கூட்டிவந்து நுரையைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"இது எங்க வீட்டுக்காரர் கால் புண்ணைக் கழுவின மருந்துல்லா? அதுவும் இப்படித்தான் பொங்கிச்சு."

"ரத்தத்துல இருக்கிற அதே சத்து இலையிலயும் இருக்கு, அதனாலதான்" என்றேன். சொன்னது சரிதான். சொன்ன பெருமையில் அவர் முகத்தைக் கவனிக்கவில்லை.

"அப்பம் இதுக்கும் ரத்தம் ஓடுதுங்கிய" என்றார் மெதுவாக. பிறகு கேட்டார்: "எம் பயிரு நல்லா இருக்கா இல்லையான்னு இது சொல்லுமா?"

"சொல்லும். நாடி பாக்கிற மாதிரிதான்."

"நாடி பாக்குதுன்னா சரி. ஆனா கேட்டுட்டுத் தொடுங்க. கேக்காம தொடாதிய."

அன்றிலிருந்து ஒவ்வொரு இலையையும் கிள்ளுவதற்கு முன் "தாயே, ஓர் இலை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் வரப்பில் நின்றால் பயபக்தியோடு சொல்வேன். இல்லாவிட்டால் எருமையைக் கூப்பிடுகிற குரலில் சொல்வேன், பல நாள் அதுவும் இல்லை.

அவர் அத்தனை பதறியதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு ஒரே மகள். புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு கலைந்து இது மூன்றாவது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பெரியம்மா கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், செங்கோட்டைக் கணவாய் வழியாக ரயிலில் மகளை அழைத்து வந்தார். இருபது வயது இருக்கும். அதிகம் பேசாத பெண். அவள் வீட்டுக்குள் நடப்பது வளையல் சத்தத்தில்தான் தெரியும். பெரியம்மா சோறு வடிக்கையில் பாதிக் காது அந்தச் சத்தத்தின் மேலேயே இருக்கும். இந்தப் பிள்ளையாவது முகம் காட்டவேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

பொதி முற்ற முற்ற இலையின் வேகம் குறையவேண்டும். சத்தெல்லாம் கதிருக்குப் போகிற காலம் அது. எரு போட்ட வயலில் அப்படித்தான் நாளுக்கு நாள் கோடு இறங்கியது. சீமை உரம் போட்ட வயலிலும் முதல் சில நாள் இறங்கியது. பிறகு நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது.

முதலில் மருந்தைச் சந்தேகித்தேன். புதுப் புட்டி உடைத்தேன். குழாயைக் கழுவினேன். வரப்புப் புல்லைக் கிள்ளி அரைத்துப் பார்த்தேன், அது எப்போதும்போல இருந்தது. அடுத்த வயல் இலை இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த ஒரு வயல் மட்டும் ஏறியது. ஒருநாள் தண்ணீர் கடைசிக் கோட்டையும் தாண்டிக் குழாய் வாய்வழியே வழிந்தது. புட்டிக்குள்ளிருந்து பச்சை நுரை பிதுங்கி என் விரல்களில் படர்ந்தது. இளஞ்சூடாக இருந்தது. அந்த மருந்து நுரைக்கும்போது சூடு கிளம்பும் என்பது படித்தவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தோல் சிவந்துவிட்டது.

வயலின் நிறமும் மாறியது. சாரல் காலத்தில் குற்றாலத்து மலை நாள்கணக்கில் மேகத்துக்குள் போய்விடும். வெளிச்சம் இருக்கும், நிழல் இருக்காது. அந்த நிழலில்லாத வெளிச்சத்தில் சுற்றியிருந்த வயல்களெல்லாம் பழுப்புப் பச்சைக்கு வந்துகொண்டிருக்க, இது மட்டும் கருத்துக்கொண்டே போனது. இலஞ்சி ரோட்டிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பள்ளம் தோண்டிப் போட்ட மாதிரி தெரியும். கொக்குகள் இரண்டு பக்கமும் இறங்கின, இதில் இறங்கவில்லை. பயிர் அடர்ந்துபோய்க் கீழே தண்ணீர் தெரியவில்லை, அதனால் இறங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொன்னவன் அந்த வரப்பில் தனியாக நின்று பார்த்திருக்க மாட்டான்.

பிறகு இலைகளில் கண் விழுந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. குலைநோய்ப் புள்ளி கண் வடிவில்தான் இருக்கும். இரண்டு முனையும் கூர்த்து, ஓரம் பழுத்து, நடுவில் சாம்பல் வெள்ளையாக. ஒரு விடியலில் நாலைந்து இலையில் பார்த்தேன். மூன்றாம் நாள் வயல் முழுக்க இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு வந்தான்.

"நான் அதுக்குள்ள இறங்க மாட்டேன் அண்ணாச்சி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மளையே பாக்குது."

"அது நோய்லே" என்று அதட்டினேன்.

"நோய்னா நீங்க இறங்குங்க" என்றான். நான் இறங்கவில்லை.

கதிர் வெளிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கதிரின் கழுத்தில் நோய் விழுந்து, பால் பிடிக்கும் முன்பே அத்தனையும் சாவி. உள்ளே மணியில்லாத வெறும் உமி. விளைந்த நெல் தலை சாய்ந்து நிற்கும், பார்க்கிறவர்களுக்கு மனம் நிறையும். இவை ஒன்றுகூடச் சாயவில்லை. கருத்த இலைகளுக்கு மேலே ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கதிர்கள் நெட்டுக்குத்தாக நின்றன. சாரல் காற்று வரும்போது அடுத்த வயல் கனத்து அசையும். இது அசையாமல் உஸ் என்று ஒரு சத்தம் மட்டும் போடும்.

பெரியம்மா வரப்பில் வந்து நின்று பார்த்தார். அழவில்லை. என்னைத் திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவும் இல்லை.

"சூலியைக் கிள்ள விட்டுட்டேனே" என்றார். "நானே விட்டுட்டேனே. வயித்துக்குள்ளயே வெந்து போச்சே."

அப்படியே வீட்டுக்குப் போய் மகளின் துணிமணிகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். சூல் செத்த வீட்டில் வைத்துப் பிள்ளை பெறக்கூடாதாம். மறுநாள் காலை வண்டியில் புனலூருக்கே திருப்பி அனுப்பிவிடுவதாம். நிறைமாதக்காரி, இரண்டு கலைந்தவள், அந்தக் கணவாய் வழியாக, அந்த மழையில். அங்கே மாமியாரும் படுத்த படுக்கை. சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. "இங்க வேண்டாம், இங்க வேண்டாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்று புரிந்தது. இலை கிள்ளியதால் எந்தப் பயிரும் சாகாது. வெயிலே இல்லாத சாரல் காலத்துக்கு நான் போட்ட உரம் அதிகம், அதனால்தான் குலைநோய் என்று முடிவு கட்டினேன். அதை அவருக்குக் காட்டிவிட்டால் போதும், சகுனம் என்கிற பேச்சு அடிபட்டுப் போகும், மகள் வீட்டிலேயே இருப்பாள். உத்தியோகம் போனாலும் போகட்டும் என்று தொழுவத்துக்கு ஓடினேன். மீதி உரத்தில் ஒரு பிடி எடுத்து, 'இதுதான் கொன்றது' என்று அவர் கண்முன்னால் கொட்டுவது என் திட்டம்.

உத்தரத்தில் சாக்கு நான் கட்டிய இடத்திலேயே தொங்கியது. இழுத்தேன். காற்றாகக் கையோடு வந்தது. உள்ளே ஒரு மணி உப்பு இல்லை. நாலாக மடித்து, மறுபடி அழகாகக் கட்டிவைத்திருந்தார்கள்.

வளையல் சத்தம் கேட்டது. மகள் வாசலில் நின்றாள்.

"அம்மை எடுத்தா" என்றாள். "நான் வந்த மறுநாளு. எனக்குக் கட்டுச்சோறு ஆச்சு, நம்ம வயலும் நிறைசூலாத்தானே நிக்குது, அதுக்கும் வயிறு நிறையப் போடணும்னா. நீங்கதானே இது பயிருக்குச் சோறுன்னு சொல்லிக் கொடுத்திய? எரு வயலுக்கு இது பழக்கமில்லன்னு எல்லாத்தையும் சீமை உர வயல்லயே போட்டா. நிறைசூலிக்கு நிறைசூலி கையாலதான் கொடுக்கணும்னு முதப் பிடி என்னைப் போடச் சொன்னா."

அப்போதுதான் என் குழாயில் கோடு ஏறிய கணக்கு விளங்கியது. அரைச் சாக்கு உரம், ஏற்கெனவே பசியடங்கிய பயிருக்கு, பொதி கட்டிய பருவத்தில், சாரலில். இலை வேலையை நிறுத்தாமல் மும்முரமாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, கதிருக்கு ஒன்றும் கொடுக்காமல். நான் பெட்டி நிறையக் கருவி வைத்துக்கொண்டு அதை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட உத்தரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதனாலதானா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கை வயிற்றின் மேல் போய் நின்றது.

"அம்மைகிட்ட சொல்லிராதிய. முதக் கை என் கைன்னு தெரிஞ்சா அவ உசிர வச்சிருக்க மாட்டா."

சகுனப் பேச்சுக்கு நான் கண்டுபிடித்த மருந்து அப்போதே கையில் கெட்டுப்போயிற்று. எது மகளைக் காப்பாற்றும் என்று நினைத்தேனோ அந்த உண்மைதான் இரண்டு பேரையும் ஒரே அடியில் சாய்த்துவிடும். சகுனம் பொய் என்று அவரை நம்பவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, சகுனத்தைவிடப் பெரிய பழியை அவர் கையிலும் மகள் கையிலும் வைப்பதாக இருந்தது. வாழ்க்கையில் அத்தனை கையாலாகாமல் நான் நின்றதில்லை.

முற்றத்துக்குப் போனேன். பெரியம்மா மூட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, கிள்ளினவன் நான். பல நாள் கேக்காமலும் கிள்ளினேன். குத்தம் என்னுது, உங்க வீட்டுது இல்ல. அதை நான் வாங்கிக்கிட ஒரு வழி இருந்தா சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வழி இருந்தது, அவரே சொன்னார். சூல்பயிரைக் காயப்படுத்தியவன் வெறுங்காலோடு அதன் நடுவில் போய் நின்று, மஞ்சள் தண்ணீரை ஊற்றி, நாலு பேர் கேட்கத் தன் குற்றத்தைச் சொல்லவேண்டும். சொன்னவனோடு அது போய்விடும்.

தொப்பியைக் கழற்றி வரப்பில் வைத்தேன். உச்சிப்பொழுதுதான், ஆனால் மலையிலிருந்து இறங்கிய சாரலில் பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வரப்பில் பெரியம்மா, தண்ணீர் பாய்ச்சுகிற ஆள், பக்கத்து வயல்காரர் இரண்டு பேர். செம்போடு உள்ளே நடந்தேன். இலைகள் ஈரமாகத் தொடையைத் தடவின. கண் கண்ணாக இருந்த அத்தனை இலையும். நடுவில் நின்று திரும்பிப் பார்த்தபோது வரப்பும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை. வெள்ளைக் கதிர்கள் என் நெஞ்சளவுக்கு நின்றன. மஞ்சள் தண்ணீரை ஊற்றினேன்.

"நான்தான் செய்தேன்" என்று கத்தினேன். "உன்னைக் கேக்காமத் தொட்டேன். உன் பிள்ளை செத்ததுக்கு நான்தான் காரணம். எங்கூட வந்துரு."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அத்தனையும் நிஜம் என்று பட்டது. சோறு என்று சொன்னவன் நான்தானே. உஸ் என்ற சத்தம் நின்றது. காற்று விழுந்திருக்கும். அந்த அமைதியில் எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது, கால் நகரவில்லை. தண்ணீர் பாய்ச்சுகிற ஆள்தான் வரப்பிலிருந்து, "அண்ணாச்சி, போதும், இங்கன வாங்க" என்று குரல் கொடுத்தான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெரியம்மா வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்துவிட்டார். நான் சைக்கிளை எடுக்கும்போது மகள் அந்த வெற்றுச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து என் தகரப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். தென்காசி வரைக்கும் பின்னால் யாரோ உட்கார்ந்து வருவதுபோலச் சைக்கிள் கனத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. அலறிக்கொண்டு பிறந்தது என்று ஆள் வந்து சொன்னான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இலாகாவுக்கு எழுதிய அறிக்கையில், நொதியின் வேகம் கூடியதற்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதினேன்.

ஐப்பசியில் பார்க்கப் போனேன். எரு வயல் நெல்தான் வீட்டில் வெந்துகொண்டிருந்தது. குழந்தை மகள் மடியில் கிடந்தது. பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"குத்தம் கழிஞ்சிட்டு தம்பி. இந்தப் பிசானத்துக்கும் அந்தச் சோத்தைக் கொண்டாங்க. உங்க நகம் மட்டும் படலேன்னா அன்னைக்கு நாங்க போட்ட சோத்துக்கு அது எப்படி விளைஞ்சிருக்கணும்! இந்தத் தடவை ஒரு முழுச் சாக்கா கொண்டாங்க. பேத்தி கையைத் தொட்டு முதப் பிடி போடுவோம்."

நான் வாங்கிக்கொண்ட பழி உரத்தைச் சுத்தமாக விடுவித்திருந்தது. மகள் குழந்தையின் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"முழுச் சாக்கு வேண்டாம் பெரியம்மா" என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். "பிள்ளை பெத்த உடம்புக்கு எடுத்த எடுப்புல விருந்து வைப்பீங்களா? வயலும் பெத்த உடம்புதான். இந்தத் தடவை பத்தியம். ரெண்டு படி உரம் போதும். அதுவும் கதிர் உருவாகிறதுக்கு ரொம்ப முன்னால. அப்புறம் தொடவே கூடாது."

பெரியம்மா யோசித்தார். வெளியே மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார். "செத்ததைப் பெத்தவளுக்கும் பத்தியம் உண்டுல்லா. அவளுக்குத்தான் யாரும் போடுததில்ல."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு தடவை கலைந்தபோதும் அவளுக்கு யாரும் பத்தியச் சோறு போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் தோள் குலுங்கியது. பெரியம்மா எழுந்துபோய் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பிசானத்துக்கு இரண்டு படி உரம் கொண்டுபோய் என் கையாலேயே தூவிவிட்டு, சாக்கை அங்கே வைக்காமல் திரும்பினேன்.